முகாமுக்கு வராத அமைப்பு இல்லை, ஆனால் என் அம்மாவின் பெயரைத் திருத்த ஆள் இல்லை

முகாம்_பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். நான் பிறந்தது, வளர்ந்தது, பி.காம். முடித்தது எல்லாம் தமிழ்நாட்டில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில். வயது 29. அம்மா 1990-இல் இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து படகில் வந்தவர். அப்பா பெயிண்டிங் வேலை. முகாம்களில் பாதிப் பேர் அப்பாக்களுக்கு அதே வேலைதான்.

என் கேள்வி இது. எங்கள் முகாமுக்கு வருவாய்த் துறை வருகிறது, மறுவாழ்வுத் துறை வருகிறது, போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவு வருகிறது, தொண்டு நிறுவனங்கள் வருகின்றன, சர்ச்சிலிருந்து வருகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேள்வித்தாளோடு ஆய்வுக்கு வருகிறார்கள். போன வருடம் மட்டும் எங்கள் வீட்டில் ஐந்து தடவை குடும்ப விவரம் எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதே இல்லை.

அம்மாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் "செபமாலை மேரி". முகாம் பதிவேட்டில் "மேரி". என் பிறப்புச் சான்றிதழில் "செபமாலைமேரி" என்று ஒட்டி எழுதி, முன்னால் ஓர் இனிஷியலும் போட்டிருக்கிறார்கள், அது யாருடைய இனிஷியல் என்று எங்களுக்கே தெரியாது. திருமணப் பதிவில் "மரியாள்". ஒரு பெண்ணுக்கு நாலு தாளில் நாலு பெயர். ஒரு அலுவலகத்தில் "முதலில் அங்கே திருத்திக்கொண்டு வா" என்கிறார்கள். அங்கே போனால் "அதை அவர்கள்தான் முதலில் திருத்த வேண்டும்" என்கிறார்கள். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், அங்கே இருப்பவர்களில் நல்லவர்களும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பி ஊருக்குத் திரும்பிப் போய்த் தொழில் செய்ய ஆசைப்படுகிறான். நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன், எனக்கு வேறு ஊர் தெரியாது. திரும்பிப் போவதற்கு உதவுகிறவர்கள் என்னிடம் பேச மாட்டார்கள், குடியுரிமைக்குப் போராடுகிறவர்களுக்குத் தம்பியிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரே வீட்டில் இருக்கிற எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச ஒரு இடம் ஏன் இல்லை?

கரையோரம்

தங்கச்சி, நீங்கள் கேட்டதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ராமநாதபுரம் பக்கம் பதினைந்து வருடமாக முகாம்களில் தன்னார்வலராக வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த வரைக்கும் எது யார் கையில் இருக்கிறது என்று சொல்கிறேன். இது தெரியாமல் அலைந்தால் இன்னும் மூன்று வருடம் போகும்.

வீடு, மாதா மாதம் கொடுக்கும் பணக்கொடை, ரேஷன், கல்வி உதவித்தொகை எல்லாம் மாநில அரசு. முகாமை நேரடியாகப் பார்ப்பது வருவாய்த் துறை ஆட்கள். வெளியே போவதற்கும் வருவதற்கும் அனுமதி, கண்காணிப்பு என்பதில் போலீஸ். நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியும் குடியுரிமையும் மத்திய உள்துறை. இலங்கைப் பிரஜை என்பதற்கான பதிவு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம். திரும்பிப் போகிறவர் தன் விருப்பத்தோடுதான் போகிறாரா என்று கேட்டு உறுதி செய்வது ஐ.நா. அகதிகள் ஆணையம், அவர்கள் 1992-லிருந்து சென்னையில் இருக்கிறார்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. அதனால் இவர்களில் யாரையும் "இதை நீதான் செய்தாக வேண்டும்" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. எல்லாம் அரசாணையிலும் சுற்றறிக்கையிலும், அந்தந்த நேரத்து அதிகாரியின் மனசிலும் ஓடுகிறது.

பிறப்புப் பதிவில் ஓஃபர் என்று எல்லோரும் சொல்லும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நிறைய வேலை செய்திருக்கிறது. 1984-இல் சந்திரஹாசன் தொடங்கியது, அவர் ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் முகாம்காரர்களே. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு எடுத்துக் கொடுக்க முகாம் முகாமாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள். அவர்களிடம் கேட்டீர்களா?

முகாம்_பிள்ளை

கேட்டேன் அண்ணா. எங்கள் முகாமுக்கு வருகிற அக்கா தம்பியின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார், ரொம்பப் பொறுமையானவர். அதிலும் அம்மா பெயரில்தான் நின்றது.

பழைய_ஆர்_ஐ

வருவாய்த் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஆறு வருடம் முகாம் பொறுப்பு. அதிகாரிகளைத் திட்டுவது எளிது என்பதால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செக்கிங் நாள் என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். நீளமான பதிவேடு, ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம், மேலே போட்டோ ஒட்டியிருக்கும், கீழே மாதா மாதம் கையெழுத்து. ஆள் நேரில் நிற்க வேண்டும். கேரளாவுக்குப் பெயிண்டிங் வேலைக்குப் போனவன் அன்றைக்கு ராத்திரி பஸ் பிடித்து ஓடி வருவான், வராவிட்டால் பணம் நிற்கும், அடுத்தடுத்து வராவிட்டால் பதிவே போகும். என் முன்னால் நின்ற ஒரு பையன் கையில் வெள்ளை பெயிண்ட் காயாமல் இருந்தது, கையெழுத்துப் போட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தை நான் பல மாதம் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு நாள் கூலியைவிடக் கொஞ்சம் கூட. பணத்துக்காக அவன் வரவில்லை, பெயர் அந்தப் பேரேட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தான்.

அந்தப் பேரேட்டில் பெயரை எழுதியது யார்? 1990-இல் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியபோது ராத்திரி பகலாக எழுதிய ஒரு கிளார்க். அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். செபமாலை மேரி "மேரி" ஆனது அப்படித்தான். பொய் சொன்னதும் இல்லை, மோசடியும் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த எழுத்தை வேத வாக்காக வைத்து ஒரு பெண்ணை அலைய விடுவது அநியாயம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டு வேலை நடக்கவே நடக்காது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். வீடு விஷயத்தில் நடந்தது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தார், 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000-லிருந்து 1,500 ஆனது. வேலூர் மேல்மொணவூரில் நவம்பரில் அடிக்கல், அடுத்த வருடம் செப்டம்பரில் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறப்பு. நிலம் பார்த்தது வருவாய்த் துறை, கட்டியது ஊரக வளர்ச்சி, பணம் மறுவாழ்வுத் துறை, மேலே கேட்பதற்கு கலெக்டர் ஒருவர். அந்த ஒருவர்தான் காரணம். எந்தத் துறையில் கோப்பு நின்றாலும் திங்கள்கிழமை கூட்டத்தில் அவர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். பலர் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, கம்பு எடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தால் சாகும். அம்மா பெயர் விஷயத்தில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

வன்னிக்காரி

நான் திரும்பிப் போன ஆள். இப்ப மன்னார் மாவட்டத்தில் இருக்கிறன். பதினேழு வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு, போர் முடிந்து சில வருடம் கழித்து வந்தோம்.

தங்கச்சி, தம்பியிடம் இதைச் சொல்லுங்கோ. விமானத்தில் ஏற்றிவிடுகிற வரைக்கும் எல்லோரும் கூட நிற்பினம். இறங்கின பிறகு தனிய. முதல் வேலை விதானையாரை, அதாவது கிராம அலுவலரை, போய்ப் பார்த்துப் பதிவு. அப்புறம் அடையாள அட்டை. அதுக்குப் பிறப்புப் பத்திரம். எங்கள் காணி இருந்த இடத்தில் காடு வளர்ந்து, வன இலாகா எல்லைக் கல் போட்டிருந்தது. நாங்கள் இல்லாத பதினேழு வருடத்தில் வளர்ந்த மரங்களைக் காட்டி இது காடு என்றார்கள். மூத்த மகளுக்குத் தமிழ்நாட்டுப் பட்டத்தை இங்கே ஏற்க வைக்கவே ஒன்றரை வருடம். இளையவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம், ஒரு எழுத்துத் தெரியாமல் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

இதுக்கெல்லாம் ஒவ்வொரு அலுவலகம் இருக்கிறது. ஆனால் "இந்த மாதம் இத்தனை குடும்பம் இந்தியாவிலிருந்து வருகுது, பள்ளிக்கூடத்தில் இடம் வையுங்கோ, காணி அலுவலர் ஆயத்தமாக இருங்கோ" என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. நாங்கள் போய் நின்ற பிறகுதான் நாங்கள் வருகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியும்.

2025 மே மாதம் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் நடந்ததைப் பார்த்தீர்கள்தானே. ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் எல்லாத் தாளும் சரியாக வைத்துக்கொண்டு இறங்கிய ஒரு முதியவரை, முந்தி கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று குடிவரவுச் சட்டத்தில் கைது செய்தார்கள். உயிர் தப்ப வள்ளத்தில் போனவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்திக்கொண்டு போவது? அரசாங்கம் பிறகு தவறு என்றது, திருத்துவோம் என்றது. ஆனால் இங்கிருந்து அனுப்பியவர்களுக்கும், தூதரகத்தில் பத்திரம் கொடுத்தவர்களுக்கும், விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவருக்கும் இடையில் ஒரு கடிதம் ஒழுங்காகப் போயிருந்தால் அந்த மனிசன் அன்றைக்கு ராத்திரி தன் வீட்டில் படுத்திருப்பார். பல குடும்பங்கள் பயணப்பையைக் கட்டிவிட்டுப் பயந்து அவிழ்த்துவிட்டன.

முகாம்_பிள்ளை

அக்கா, அதில் ஒன்று எங்கள் வீடு. தம்பியின் பை இன்னும் கட்டிலுக்கு அடியில் அப்படியேதான் இருக்கிறது.

உள்ளூர்க்காரன்

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். முகாமுக்குப் பக்கத்து ஊர் எனக்கு. எங்கள் ஊரில் இன்னும் ஓட்டு வீடு ஒழுகுகிறவர்கள் இருக்கிறார்கள், பட்டா இல்லாதவர்கள் இருக்கிறார்கள். முகாமில் புது வீடு எழும்பியபோது எங்கள் தெருவில் பேச்சு வந்தது உண்மை. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டு முயற்சி என்று இவ்வளவு பேசுகிறீர்களே, பக்கத்து ஊர்க்காரன் அந்தக் கூட்டத்தில் உண்டா இல்லையா? என் கூடப் படித்தவன் முகாம் பையன், இப்போதும் என் உயிர் நண்பன். அதனால்தான் கேட்கிறேன்.

கரையோரம்

நியாயமான கேள்வி. உண்டு, ஆனால் கூப்பிடுவதில்லை. இது எங்கள் தவறும்கூட. முகாமுக்குள் டியூஷன் சென்டர் வைத்தபோது முதலில் முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தோம். பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். இரண்டாம் மாதமே எல்லோருக்கும் என்று மாற்றினோம். அப்புறம் தண்ணீர் லாரி வராத நாளில் அந்தக் காலனி அம்மாக்கள்தான் முகாமுக்குக் குடம் கொடுத்தார்கள். சாலை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் என்று பொதுவாக வருகிறதை இரண்டு பக்கமும் பயன்படுத்துகிற மாதிரி அமைத்தால் தெருப் பேச்சு பாதி அடங்கிவிடும். ஊராட்சித் தலைவர்கள் பலருக்கு முகாம் தங்கள் எல்லைக்குள் இருந்தும் தங்கள் பொறுப்பில் இல்லை, காரணம் அங்கே ஓட்டு இல்லை.

சட்டப்பக்கம்

ஓட்டு என்று வந்ததால் உள்ளே வருகிறேன். வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்த மாதிரி வழக்குகள் சில பார்த்தவள்.

குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பால் குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை இதைச் சொல்லித்தான் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. அவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து போன முதல் ஓட்டு என்று பத்திரிகைகள் எழுதின. முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு.

1987 ஜூலைக்கும் 2004 டிசம்பர் 3-க்கும் நடுவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். தங்கச்சிக்கு 29 வயது என்றால் இந்தக் கட்டம். பதிவு செய்து குடியுரிமை வாங்கலாம் என்றால் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல் குறுக்கே நிற்கிறது. படகில் விசா இல்லாமல் வந்த அம்மாவுக்கு அந்தப் பெயர், அவர் வயிற்றில் பிறந்து இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத பிள்ளைக்கும் அதே பெயர். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மைச் சமயத்தவருக்கு விலக்கு வந்தது, இலங்கை அந்த நாடுகளில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடிவரவுச் சட்டத்தில் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான், குடியுரிமை தராது. பொருளாதார நெருக்கடியில் 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கியவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களை மாநில அரசு மண்டபம் முகாமில் வைத்துச் சோறு போட்டது. மத்திய அரசின் கணக்கில் அவர்கள் அகதிகளே இல்லை. ஒரே ஆளை ஒரு அரசு பராமரிக்கிறது, இன்னொரு அரசு அங்கீகரிக்க மறுக்கிறது.

2021-இல் மாநில அரசு ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தது. அமைச்சர் தலைமை, மக்கள் பிரதிநிதிகள், அதிகாரிகள், ஐ.நா. ஆணையம், தொண்டு நிறுவனங்கள், வழக்கறிஞர்கள். நல்ல முயற்சி. ஆனால் குடியுரிமைக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் டெல்லியில் இருக்கிறார். அவர் இல்லாத கூட்டத்தில் எத்தனை அருமையான தீர்மானம் போட்டாலும் அது கோரிக்கைதான். என் கருத்து இது: மாநிலம், மத்திய உள்துறை, துணைத் தூதரகம், முகாம் மக்கள் நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கோப்பைப் புரட்டாத வரைக்கும் இதை ஒத்துழைப்பு என்று சொல்லக் கூடாது. முகாம் மக்கள் என்றால் முகாம் தலைவர் மட்டும் இல்லை. பெண்கள் வேண்டும், இங்கே பிறந்த இளைஞர்கள் வேண்டும்.

பனிநாடு

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். எண்பதுகளில் வந்து வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் இப்போது ஒரு கொம்யூனில், அதாவது நகராட்சியில், புதிதாக வருகிற அகதிக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன்.

இங்கே 357 கொம்யூன்கள். ஒவ்வொரு வருடமும் அரசின் ஒருங்கிணைப்பு இயக்ககம் ஒவ்வொரு கொம்யூனுக்கும் "இத்தனை பேரை ஏற்க முடியுமா" என்று கேட்டு எழுதும். உள்ளூர் மன்றம் கூடி விவாதித்துச் சரி என்றோ, குறைத்தோ பதில் சொல்லும். ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து வருடம் வரை அரசு கொம்யூனுக்குப் பணம் தரும். யார் எந்த ஊருக்கு வருகிறார் என்பது அவர் வருவதற்கு முன்பே என் மேசைக்கு வந்துவிடும். ஒரு குடும்பத்தில் நாலு வயதுப் பிள்ளை, சர்க்கரை நோய் உள்ள தாத்தா, தச்சு வேலை தெரிந்த அப்பா என்றால் பாலர் பள்ளிக்கும் மருத்துவருக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் நான் முன்கூட்டிப் பேசி வைத்திருப்பேன். வந்த பிறகு மொழி வகுப்பும் வேலைப் பயிற்சியும் சேர்ந்த அறிமுகத் திட்டம், அதில் இருக்கும் வரை மாதப் பணம். இதெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிறது, 2003-இல் ஒன்று, அதை மாற்றி 2021-லிருந்து இன்னொன்று.

வன்னிக்காரி அக்கா சொன்ன "முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை" என்பதைப் படித்தபோது அந்த ஆள் இங்கே நான்தான் என்று பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள், ஒரு கோப்பு, ஒரு போன் நம்பர். பெரிய அறிவாளித்தனம் ஒன்றும் இல்லை இதில்.

கஷ்டமும் உண்டு. உக்ரைன் போருக்குப் பிறகு ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தார்கள், சின்ன ஊர்களில் வீடு கிடைக்கவில்லை. படித்த டாக்டர் துப்புரவு வேலை செய்வதையும் பார்க்கிறேன். ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒருவர் மூன்று வருடம் அலைவது இங்கே நடக்காது.

ஸ்காபரோ_வாசி

கனடாவைப் பற்றி நானும் கொஞ்சம். எங்கட ஆட்கள் பெரும்பாலும் தாங்களாக வந்து அடைக்கலம் கேட்டவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய கதை இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். ஆனால் இன்னொரு வழியும் இங்கே இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகவோ, தேவாலயம் மாதிரி ஓர் அமைப்பு மூலமாகவோ ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைத்து வரலாம். ஒரு வருடச் செலவு அவர்களுடையது. 1979, 80-இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்கள் 60,000 பேர் வந்தபோது பாதிக்கு மேல் இப்படித்தான் வந்தார்கள். அதுக்காக 1986-இல், அகதிகளுக்கு உதவுகிறவர்களுக்கு ஐ.நா. ஆணையம் கொடுக்கும் நான்சன் விருதைக் கனடா மக்களுக்கே கொடுத்தார்கள், ஒரு நாட்டு மக்கள் எல்லோருக்கும் சேர்த்து.

நான் ஒரு சிரியக் குடும்பத்துக்கான குழுவில் இருந்தேன். ஒருவர் வீடு தேட, ஒருவர் பள்ளிக்கூடம், நான் பல் மருத்துவரும் பஸ் பாதையும். முதல் நாள் அந்த அம்மாவுக்கு பஸ்ஸில் காசு போடுகிற இடத்தைக் காட்டினபோது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்ப அவர் அதே வழித்தடத்தில் வேலைக்குப் போகிறார்.

உள்ளூர்க்காரன் தம்பிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். பொறுப்பைப் பக்கத்து வீட்டுக்காரன் கையில் கொடுத்தால் பொறாமை வராது, சொந்தம் வரும். ஆனால் அரசு தன் வேலையை இதைச் சாட்டிக் கைவிடக் கூடாது. விண்ணப்பங்கள் குவிந்துபோய் 2024 நவம்பரில் ஐவர் குழுக்களின் புது விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார்கள். சனம் தயார், கோப்பு நகரவில்லை. அதுவும் நடக்கும்.

உள்ளூர்க்காரன்

நன்றி அண்ணா. எங்கள் ஊர் கிராமசபையில் முகாமையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நானே மனு கொடுக்கிறேன். முகாம் பெண்கள் வந்து உட்கார்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய_ஆர்_ஐ

நோர்வேக்காரர் சொன்ன ஒரு ஆள், ஒரு கோப்பு என்பது நம் ஊரில் முடியாதது இல்லை. முகாம் இருக்கிற மாவட்டத்துக்கு ஒரு தாசில்தார் தகுதியில் ஒருவரைப் போட்டு, தூதரகத்துக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கும் அவரே எழுத அதிகாரம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை மாவட்டத்திலேயே முடியும். இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டப்பக்கம் அம்மா வரைவு போட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அது நடக்கிறபடி நடக்கட்டும். மகளே, உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முகாம் பதிவேட்டை விட்டுவிடு, அது நகலுக்கு நகல். 1990-இல் வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கியதும் முதலில் ஒரு பதிவு போட்டிருப்பார்கள். குடும்பத் தலைவர், உறவு, வயது, சொந்த ஊர், வந்த தேதி. அங்கிருந்துதான் மற்ற முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அந்தப் பதிவில் உன் அம்மா பெயர் முழுசாக இருக்க வாய்ப்பு உண்டு, அப்போது அவருடைய அப்பா கூட வந்திருந்தால் அவர் சொல்லித்தான் எழுதியிருப்பார்கள். அதற்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடு. தேதி தெரியுமா?

முகாம்_பிள்ளை

தாத்தா கூடத்தான் வந்தார் ஐயா. தேதி அம்மாவுக்குத் தெரியவில்லை. மடு மாதா திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் என்கிறார்.

வன்னிக்காரி

மடுத் திருவிழா என்றால் ஆவணி, ஆகஸ்ட் 15. அப்படியென்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்று பாருங்கோ. பேசாலைச் சனம் அந்த நேரம் கூட்டம் கூட்டமாகப் போனது.

சட்டப்பக்கம்

அந்த நகல் கிடைத்தால் அதோடு நாலு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம், பழைய முகாம்வாசிகள் இரண்டு பேரின் சாட்சி. நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். மனுவில் ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று கேளுங்கள், ஒரு தேதி மட்டும் போட்டால் "அன்று பதிவு இல்லை" என்று பதில் வரும்.

முகாம்_பிள்ளை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கரையோரம் அண்ணா கூடவே வந்தார். பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடிக் கொடுத்த கிளார்க் அம்மா மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. தூசியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. செப்டம்பர் மாதக் கட்டில் ஒரு பக்கம், நீல மை, ஓரம் பூச்சி அரித்தது. தாத்தா பெயர், பாட்டி பெயர், அதற்குக் கீழே "செபமாலை மேரி, மகள், பேசாலை". பக்கத்தில் தாத்தாவின் கைநாட்டு. தாத்தா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன், அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கைரேகையைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிட்ட நகல் இரண்டு வாங்கினோம். ஒன்று தம்பியின் பதிவுக்கு. அவன் போவதா வேண்டாமா என்பதை அங்கே சட்டத்தைத் திருத்திய பிறகு முடிவு செய்வான், ஆனால் தாளைத் தயாராக வைக்கச் சொல்கிறான். இன்னொன்று என் மனுவுக்கு, சட்டப்பக்கம் அக்கா வரைவு அனுப்பிவிட்டார். உள்ளூர்க்காரன் அண்ணா, அடுத்த கிராமசபை எப்போது என்று சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஏழு பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் வருகிறார்.